நாய் குரைத்தது போதும்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த கல்வியாண்டுக்கான முதலாண்டுப் பாடத்திட்ட வரைவு துறைக்கு வந்து சேர்ந்தது. கருத்துச் சொல்ல ஓர் ஆசிரியருக்கு மூன்று நிமிடம் என்று அதன் கடைசிப் பக்கத்தில் குறித்திருக்கிறீர்கள். மூன்று நிமிடத்தில் நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும் என்பது பதினேழு ஆண்டுகளாக என்னோடு பழகியவர்களுக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன். இந்தக் கடற்கரையிலிருந்து பிள்ளைகளைப் பொறியியல் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோரும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

வரைவில் இரண்டு மாற்றங்கள் இருக்கின்றன. மூன்றாம் பருவத்தில் நடத்திவந்த பொருள்நோக்கு நிரலாக்கம் (நிரலைத் தத்தம் வேலை தெரிந்த சிறு சிறு பொருள்களாகப் பிரித்து எழுதும் முறை) இரண்டாம் பருவத்துக்கு வருகிறது. தொடர்பாற்றல் என்று புதிதாக ஒரு தாள் சேர்கிறது. முன்னதைக் கணினித் துறை நடத்தும். பின்னதை ஆங்கிலத் துறை நடத்தும். இரண்டும் வரட்டும், எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றை வெவ்வேறு அறையில், வெவ்வேறு நாளில், ஒருவர் நடத்துவது மற்றவருக்குத் தெரியாமல் நடத்தப்போகிறோம் என்பதை ஏற்க முடியவில்லை. என் கண்ணுக்கு அவை ஒரே பாடம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குச் சென்ற நவம்பரில் நடந்த வாய்மொழித் தேர்வைச் சொல்ல வேண்டும்.

தங்கச்சிமடத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன். வெளித்தேர்வாளர் பல்லுருவாக்கம் என்றால் என்ன என்று கேட்டார். 'ஒரு பெயர், பல வடிவங்கள்' என்பதை ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். எடுத்துக்காட்டு? வட்டம், சதுரம், முக்கோணம். மூன்றுக்கும் 'வரை' என்ற கட்டளை. சரி, வரிசையாக நிற்கும் அந்த வடிவங்களிடம் 'வரை' என்று சொன்னால், எதை எப்படி வரைவது என்று முடிவு செய்வது யார் என்று நான் கேட்டேன். தேர்வாளரைப் பார்த்தான். பிறகு மின்விசிறியைப் பார்த்தான்.

தமிழில் வேறொன்று கேட்டேன். (வத்தை என்பது எங்கள் பக்கத்துச் சிறிய நாட்டுப்படகு.) "ஏப்ரல் 20. பாம்பனில் ஒரு விசைப்படகும் ஒரு வத்தையும் நிற்கின்றன. இரண்டிடமும் 'கடலுக்குப் போ' என்கிறேன். என்ன ஆகும்?"

"விசைப்படகு போகாது, மேடம். மீன்பிடித் தடைக்காலம். வத்தை போகும்."

"போகாதே என்று விசைப்படகிடம் நான் சொன்னேனா?"

"நீங்கள் இரண்டிடமும் 'போ' என்றுதான் சொன்னீர்கள். போகலாமா கூடாதா என்பது அந்தந்தப் படகுக்குத் தெரியும்."

பல்லுருவாக்கத்துக்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் கேட்டதில்லை. தான் பதில் சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கே தெரியவில்லை. தேர்வாளர் என் பக்கம் சாய்ந்து, "இது பாடத்தில் இல்லையே" என்றார்.

அவனுடைய ரெக்கார்டு நோட்டை அன்று மாலை புரட்டினேன். 'வடிவம் வட்டமாக இருந்தால் இப்படி வரை, சதுரமாக இருந்தால் அப்படி வரை' என்று நிபந்தனைகளை ஏணிப்படி போல அடுக்கியிருந்தான். படகைப் பற்றிப் பேசும்போது அவன் மறுத்த அதே வழியை நிரலில் எழுதியிருக்கிறான். கரையில் நிற்கும் ஒருவர் எல்லாப் படகின் விதியையும் தலையில் சுமந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உத்தரவிடுவது போன்றது அது. புதிதாக ஒரு வகைப் படகு வந்தால் கரையில் நிற்பவரின் தலையைத் திறந்து மாற்ற வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்ற விதியை விசைப்படகுக்குள் எழுதிவிட்டால் கரையில் இருப்பவர் 'போ' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். (அந்த 61 நாளுக்குள் தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளை வைப்பது பற்றி இன்னொரு மடல் எழுத வேண்டியிருக்கிறது. இப்போது வேண்டாம்.)

குற்றம் அவன்மேல் இல்லை. பத்தாண்டுகள் இந்தப் பாடத்தை நான் நடத்திய முறை இதுதான். விலங்கு என்றொரு வகுப்பு (நிரலில் ஒரு வகைப் பொருளுக்கான வார்ப்பு). அதன்கீழ் நாய், பூனை. நாய் குரைக்கும், பூனை கத்தும். கூடவே 'முக்கிய இரண்டு மதிப்பெண் வினாக்கள்' என்று நகலெடுத்து விநியோகித்தேன். தேர்ச்சி விழுக்காடு நன்றாகவே வந்தது. அதே மாணவர்களுக்கு இறுதியாண்டில் செயல்திட்ட வழிகாட்டியாக அமர்ந்தபோதுதான் விளைவைக் கண்டேன்: எண்ணூறு வரி நிரல், அதில் ஒரே ஒரு வகுப்பு, அதன் பெயர் மெயின். நாய் குரைத்ததெல்லாம் தேர்வுத்தாளோடு போய்விட்டது.

இந்தப் பாடம் எங்கே பிறந்தது என்பதை நம் பாடத்திட்டத்தில் எங்கும் காணோம். ஓஸ்லோவில் இருக்கும் நார்வே கணினி மையத்தில் 1960களில் ஓலே-யோகான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். வரிசையில் நின்று காத்திருக்கும் உலகத்தைக் கணினிக்குள் நடத்திப் பார்க்க அவர்களுக்கு ஒரு மொழி வேண்டியிருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, சுங்கச்சாவடி உள்ள ஒரு பாலம். அங்கே வரிசையில் லாரியும் நிற்கும், பேருந்தும் நிற்கும். சுமப்பது வேறு வேறு. வரிசையில் நிற்கும் விதத்தில் இரண்டும் ஒன்று. பொதுவானதை ஒருமுறை எழுதிவிட்டு, வேறுபடுவதை மட்டும் தனியே சேர்த்தெழுதும் ஏற்பாடு 1967இல் வந்த சிமுலா 67இல் அமைந்தது. நாம் மரபுரிமம் என்று கரும்பலகையில் எழுதுவது அதைத்தான். இருவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2001ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது. 1979இல் சி மொழியோடு வகுப்புகளைச் சேர்க்கத் தொடங்கிய பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப்பும் முன்பு சிமுலாவில் எழுதிப் பழகியவர்.

பாலம், வரிசை, காத்திருப்பவர்கள் என்றதும் உங்களுக்குப் பாம்பன் நினைவுக்கு வந்திருக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே மேலே உயர்கிறது. பெரிய கலங்கள் அதற்காகக் காத்துக் கிடக்கின்றன. சிறிய வத்தை யாரையும் கேட்காமல் அடியில் புகுந்து போய்விடுகிறது. ஓஸ்லோக்காரர்கள் தேடிப் பிடித்த எடுத்துக்காட்டு நமக்குப் பேருந்து ஜன்னலிலேயே கிடைக்கிறது. அப்படியிருக்க, வட்டமும் சதுரமும் வரைந்துகொண்டிருக்கிறோம்.

இன்னொருவர் ஆலன் கே. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் 1970களில் ஸ்மால்டாக் மொழியை உருவாக்கிய குழுவின் முன்னோடி. 'பொருள்நோக்கு' என்ற பெயரே அவர் வைத்ததுதான். அப்படிப் பெயர் வைத்துவிட்டோமே என்று 1998இல் அவரே வருந்தி எழுதினார். எல்லோரும் பொருளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பெரிய விஷயம் பொருள்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தியில் இருக்கிறது என்பது அவர் வாதம். யார் யாரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, கேட்டால் என்ன பதில் வரும்? இந்தப் பாடத்தின் உயிர் அதுதான் என்றால், அதைத் 'தொடர்பாற்றல்' தாளிலிருந்து பிரித்து வைப்பதில் என்ன நியாயம்?

கடந்த இரண்டு ஆண்டுகளாக என் ஆய்வகத்தில் சொந்தப் பொறுப்பில் ஒன்றைச் செய்து பார்க்கிறேன். யோசனை என்னுடையது இல்லை. கென்ட் பெக், வார்டு கன்னிங்ஹாம் என்ற இருவர் 1989இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலிருந்து எடுத்தது. வகுப்பு ஒன்றுக்கு ஓர் அட்டை. மேலே பெயர், இடப்பக்கம் அதன் பொறுப்புகள், வலப்பக்கம் அது யாருடைய உதவியை நாடும் என்ற பட்டியல். கணினியைத் தொடவே வேண்டாம். அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை வெட்டிக்கொள்கிறோம், செலவு இல்லை. ஆளுக்கோர் அட்டை. அட்டையில் எழுதியிருப்பதை மட்டுமே பேசலாம், செய்யலாம் என்பது விதி.

முதல் நாள் எடுத்துக்கொண்டது, ஒரு விசைப்படகு கடலுக்குப் போய்த் திரும்பும் கதை. படகு, கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு தரும் டோக்கன் அலுவலகம், டீசல் பங்க், ஐஸ் கம்பெனி, ஏலக்காரர் என்று அட்டைகள். படகு அட்டையை வைத்திருந்தவன் டோக்கன் அட்டைக்காரியிடம் போய், "எனக்கு டோக்கன் கொடு" என்றான். அவள், "இன்று செவ்வாய். விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனிதான்" என்றாள். "எத்தனை டோக்கன் மீதி இருக்கிறது என்று காட்டு" என்று அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பிடுங்கப் போனான். அவள் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வேண்டுமென்றால் கேள். எடுக்காதே." வகுப்பே சிரித்தது. தன் தகவலைத் தனக்குள் வைத்துக்கொண்டு கேட்டால் மட்டும் பதில் தருவதைக் குறிக்கும் உறைபொதியாக்கம் என்ற சொல்லைக் கரும்பலகையில் அப்போதுதான் எழுதினேன். அந்த வாரம் ஒருவரும் அதன் இலக்கணத்தை என்னிடம் கேட்கவில்லை.

ஒரு குழு, இலங்கைப் பக்கத்துக் கடல் எல்லைக்கு 'எல்லைக் கோடு' என்று ஓர் அட்டை எழுதி, எந்தச் செய்திக்கும் இது பதில் சொல்லாது என்று அதன்கீழ் குறித்திருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் சண்டை வந்தது. பாடம் நடந்ததும் அங்கேதான். படகின்கீழ் விசைப்படகு, நாட்டுப்படகு. நாட்டுப்படகின்கீழ் வத்தை, வள்ளம் என்று ஒரு குழு அழகாக மரம் வரைந்திருந்தது. தொண்டியிலிருந்து வரும் மாணவி எழுந்தாள். அவள் வீட்டு வத்தையில் சில மாதம் எஞ்சின் மாட்டுவார்கள், சில மாதம் கழற்றி வைத்துவிடுவார்கள். அது இந்த மரத்தில் எந்தக் கிளை? 'எஞ்சின் வத்தை' என்று புதுக் கிளை போடலாம் என்றான் ஒருவன். அப்படியானால் எஞ்சின் வள்ளத்துக்கு ஒன்று, பாயும் எஞ்சினும் சேர்ந்ததற்கு ஒன்று என்று கிளை பெருகும் என்றான் இன்னொருவன். அவள் கேட்டாள்: "எஞ்சினை மாட்டினால் எங்கள் வத்தை வேறு இனமாகிவிடுமா? கழற்றினால் மறுபடி பிறக்குமா?"

இருபது நிமிடம் தமிழில் வாதாடினார்கள். கடைசியில் எஞ்சினைத் தனி அட்டையாக எழுதி, படகு அதைக் கையில் வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் இருக்கலாம் என்று முடிவு செய்தார்கள். 'இது அதன் ஒரு வகை' என்பதற்கும் 'இது அதை வைத்திருக்கிறது' என்பதற்கும் உள்ள வேறுபாடு அது. எதற்கெடுத்தாலும் மரபுரிமக் கிளை விடாதே, உறுப்பாகச் சேர் என்று மென்பொருள் துறையில் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையும் அதுவே. வேலைக்குப் போய்ப் பல ஆண்டு அடிபட்டுக் கற்பதை இவர்கள் ஒரு வத்தையை வைத்துப் பிடித்துவிட்டார்கள். கவனியுங்கள், அந்த இருபது நிமிடத்தில் நடந்தது தொடர்பாற்றலும்தான். ஒருவர் சொன்னதைக் காதில் வாங்கி, எதிர் எடுத்துக்காட்டு காட்டி, தன் முடிவை மாற்றிக்கொள்வது. அதற்கு மதிப்பெண் போட என்னிடம் ஒரு கட்டம்கூட இல்லை.

இப்போது தொடர்பாற்றல் தாளின் வரைவைப் பார்க்கிறேன். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளுதல், குழு விவாதம் ('கைப்பேசி வரமா சாபமா' இன்னும் உயிரோடு இருக்கிறது), உடல்மொழி, நேர்காணல். முன்னுரையில் 'கடலோர, கிராமப்புற மாணவர்களின் தொடர்பாற்றல் குறைபாட்டைக் களைதல்' என்று ஒரு நோக்கமும் எழுதியிருக்கிறது. அந்த வரியை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன படகிலிருந்து ஒருவர் வயர்லெஸ்ஸில் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? எந்தத் திசையில், எத்தனை பாகம் (கடலாழத்தை அளக்கும் அலகு) ஆழத்தில் நிற்கிறோம், வீசுவது கச்சான் காற்றா வாடைக் காற்றா, எஞ்சின் எப்போது நின்றது, நிற்கும் முன் என்ன சத்தம் வந்தது, படகில் எத்தனை பேர். அரை நிமிடம். ஒரு சொல் மிகை இல்லை, ஒரு சொல் குறை இல்லை. அவர் மகன் இரவு பத்தரை மணிக்கு எனக்கு அனுப்பும் செய்தி: "மேடம் ப்ரோகிராம் ஓடவில்லை." கூடவே கலங்கலாகக் கணினித் திரையின் ஒரு புகைப்படம். எந்த நிரல், எந்த வரி, என்ன கொடுத்தான், என்ன வரும் என்று எதிர்பார்த்தான், என்ன வந்தது, ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் இருக்கும் திறமை நம் வளாகத்துக்குள் வரும்போது எங்கே தொலைகிறது?

பிழைச்செய்தியை அவன் படிப்பதில்லை, அதனால் தொலைகிறது. சிவப்பு எழுத்தில் ஆங்கிலம் வந்ததும் கண் தாவிவிடுகிறது. பைத்தானில் பிழை வந்தால் கடைசி வரியில்தான் சாரம் இருக்கும். என்ன வகைப் பிழை, எதனால் என்று அங்கே சொல்லியிருக்கும். அந்த வரியை உரக்க வாசி, பிறகு உன் வார்த்தையில் தமிழில் சொல், பிறகு ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் எழுது என்று இப்போது கட்டாயப்படுத்துகிறேன். இதைவிட நல்ல ஆங்கிலப் பயிற்சியை நான் அறியேன். ஆங்கிலத் துறைத் தோழி ஒருவர் ஒருநாள் வந்து உடன் அமர்ந்தார். மாணவர்கள் மாறிகளுக்கு (நிரலில் மதிப்பைப் போட்டு வைக்கும் இடங்களுக்கு) வைத்திருந்த பெயர்களைப் பார்த்து, "ஏன் எல்லாப் பிள்ளைக்கும் ஏ, பி, டெம்ப் என்றே பெயர் வைக்கிறார்கள்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நான் ஒரு முழுப் பருவம் பாடம் நடத்தலாம்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டையும் வகுப்புக்குள் கொண்டுவந்தேன். 1 முதல் 11 வரை எண்கள். தாழ்வு மண்டலத்தின் கணக்கெல்லாம் உள்ளே இருக்கும். கரையில் நிற்பவருக்கு எண் போதும். 10 வரை பொதுவாக அபாயம் கூடிக்கொண்டு போகும். 11 வேறு மாதிரி: வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகலாம் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்று பொருள். செய்தி வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக்கி வைத்திருக்கிறார்கள். பதில் வராதபோது உன் நிரல் என்ன செய்யும் என்ற கேள்வியை இதைக் காட்டித்தான் கேட்கிறேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி கடலுக்குள் போன இரவில் தொடர்பெல்லாம் அறுந்து, ரயில் மூழ்கிய செய்தியே வெளியே வரத் தாமதமான மண் இது. இங்கே அந்தக் கேள்விக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

தமிழில் பேசவிட்டால் ஆங்கிலம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். நேர்காணல் ஆங்கிலத்தில்தான் நடக்கும், எனக்கும் தெரியும். ஆனால் சொல்ல ஒன்று இருந்தால்தான் மொழி வேண்டியிருக்கும். மேல்நிலை முதலாண்டில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் உறைபொதியாக்கம், மரபுரிமம், பல்லுருவாக்கம் என்ற சொற்களைத் தமிழ்ப் பாடநூலிலேயே சி++ மொழியோடு படித்துவிட்டு வருகிறார்கள். நம் வகுப்பில் முதல் நாளே அந்தச் சொற்களை மறக்கச் சொல்கிறோம். ஒவ்வொரு விழா மேடையிலும் அப்துல் கலாம் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தபோது, நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற பொருளில் தமிழில் கட்டுரை எழுதி அங்கே தமிழ்ச் சங்கப் போட்டியில் முதல் பரிசு பெற்றவர். மாலையோடு அதையும் நினைவில் வைக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு தாள்களும் தனித்தனியே இருந்துகொள்ளட்டும். வாரம் ஒருநாள் மூன்று பாடவேளை மட்டும் இரு துறை ஆசிரியர்களும் ஒரே ஆய்வகத்தில் நிற்க வேண்டும். அறுபது பேரை எப்படி வாய்மொழியாக மதிப்பிடுவது என்று நம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கேட்பார். நால்வர் குழுவாகப் பிரித்தால் பதினைந்து குழு. குழுவுக்குப் பத்து நிமிடம் என்றால் 150 நிமிடம். ஐம்பது நிமிடப் பாடவேளை மூன்று. கணக்கு சரியாக இருக்கிறது. அக மதிப்பீட்டில் பாதி அந்த உரையாடலுக்கு என்று வையுங்கள். முதல் பருவத்தில் பைத்தான் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இரண்டாம் பருவத்திலும் அதையே தொடருங்கள். ஜாவா இரண்டாமாண்டில் வரட்டும். ஜாவா நிரலின் தொடக்க வரியான 'பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின்' என்பதை முதல் நாளே மந்திரம் போல ஒப்பிக்க வைத்துவிட்டு, இதன் பொருளைப் பிறகு சொல்கிறேன் என்று சொல்லும் சங்கடத்தை இன்னொரு தலைமுறை ஆசிரியர்களுக்கு வைக்க வேண்டாம்.

குழு கூடுவதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் எங்கள் ஆய்வகத்துக்கு வாருங்கள். வியாழன் முற்பகல் வேண்டாம். புதன்கிழமை போன படகுகள் கரைக்குத் திரும்பும் நேரம் அது, சில மாணவர்கள் இரண்டாம் பாடவேளைக்குத்தான் வந்து சேருவார்கள். வந்தால் ஆளுக்கோர் அட்டை உங்கள் கையிலும் கொடுப்பார்கள். அட்டையில் எழுதியிருப்பதை மட்டுமே பேசலாம் என்ற விதி உங்களுக்கும் உண்டு.

இப்படிக்கு,
கணினித் துறையில் நிரலாக்க ஆய்வகத்துக்குப் பொறுப்பான ஆசிரியை